பால்கனி டப்பில் இருந்த நத்தைகள்

அம்மாடி,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூலம். சர்க்கரை, பிரஷர் என்றால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சத்தமாகப் பேசலாம், கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். இதை எங்கே போய்ப் பேசுவது? சர்க்கார் கார் ஓட்டுகிறவன் நான். சாப், அதாவது நான் ஓட்டுகிற ஆபீஸர், உள்ளே மீட்டிங்கில் ஏ.சி.யில் இருப்பார், நான் வெளியே கொதிக்கிற சீட்டில் இருப்பேன். இது வராமல் வேறு என்ன வரும்? ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருகிறேன் என்று ஆபீஸில் எனக்கு 'டேடா சிங்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோணல் சிங் என்று அர்த்தம். நான் ஏதோ ஸ்டைலுக்காகச் சாய்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது நீ உள் அறையில் இருக்கிறாய். கதவைப் பாதி சாத்தியிருக்கிறாய். கட்டிலில் சூட்கேஸ் வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடக்கிறது. நாளை மறுநாள் உனக்கு ப்ளேன். குறித்த தேதிக்குள் அந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் போய்ச் சேராவிட்டால் உன் இடத்தை வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீயே அம்மாவிடம் சொன்னாய். சொன்ன கையோடு, போகப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாய். காரணம் என் வயிறு. என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாய். "அம்மா, அவரை இன்னொரு கிளாஸ் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கு அம்மா வழியாகத் தபால் வருகிறது. அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எட்டாவது தாண்டாதவன், நீயோ டாக்டர் பட்டத்துக்குப் போகிறவள். ஆனால் தமிழ் என்று வந்தால் நான்தான் உனக்கு சீனியர். லோதி ரோடு ஸ்கூலில் அத்தனை வருஷம் தமிழ் படித்தும், பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் உனக்கு. மெதுவாகவே படி.

நடந்தது என்ன என்பதை என் பக்கத்திலிருந்து நீ இன்னும் கேட்கவில்லை. உன் பக்கத்தை வீடு அதிரக் கேட்டாகிவிட்டது. போன வாரம் சமையலறையில் நானும் உன் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். "நம்ம ஊரா இருந்தா வயல் நத்தையப் புடிச்சு ஆக்கித் தின்னுருப்பேன், மூலமெல்லாம் பறந்துடும்" என்றேன். "டெல்லியில நத்தைக்கு எங்க போவீங்க? நத்தை திங்கிற நாட்டு எம்பசி ஏதாவது இருந்தாப் போய்க் கேளுங்க" என்றாள் அவள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. மீன் கடைக்காரனிடம் குரலைத் தாழ்த்தி, "பையா, கோங்கா மிலேகா?" என்றேன். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "அரே, அங்கிளுக்கு நத்தை வேணுமாம்!" என்று பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லாவற்றுக்கும் ஹிந்தியில் ஒலிபரப்பினான். நான் எலுமிச்சம்பழம் வாங்க வந்தவன் மாதிரி நடந்து போய்விட்டேன். நாங்கள் சமையலறையில் பேசியபோது நீ ஹாலில் லேப்டாப்போடு இருந்தாய். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாயா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் பால்கனியில் துணி எடுக்கப் போகிறேன், அங்கே பெரிய நீல டப். மேலே கொசுவலைத் துணி, அதன் மேல் கல். தூக்கிப் பார்த்தால் நத்தை! ஒவ்வொன்றும் நல்ல கொழுத்த உருண்டை. சில கொம்பை நீட்டிக்கொண்டு மேய்கின்றன, சில வாசலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்குகின்றன. தண்ணீர் தெளிவாக இருந்தது. நீ தினமும் மாற்றுகிறாய் என்று அம்மா சொன்னாள். இங்கேதான் அம்மாடி நான் விழுந்தேன். நத்தை சமைக்கிற வீட்டில் முதல் வேலை அதுதான். பிடித்து வந்ததும் நல்ல தண்ணீரில் போட்டு, மாற்றி மாற்றி, வயிற்றில் இருக்கிற சேற்றை எல்லாம் கக்க விடுவார்கள். உங்கள் ஆராய்ச்சியிலும் முதல் வேலை அதேதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

டப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சமையலறையில் நாங்கள் பேசியது பெண் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்பனிடம் போய் மூலத்தைப் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? அதனால் வாயைத் திறக்காமல் எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, முறைப்படி சேறு கக்க விட்டு, நானாக எடுத்துக்கொள்ளட்டும் என்று பால்கனியில் வைத்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். பல வருஷமாக நீ நத்தை, சோழி, சங்கு என்று பொறுக்கி மிட்டாய் டப்பாவிலும் தீப்பெட்டியிலும் அடைத்துக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று துண்டுச் சீட்டு வேறு. எனக்கென்று ஒரு சீட்டு எழுதாமலே இத்தனை பிடித்து வந்திருக்கிறாளே என்று நினைத்தேன். சீட்டு இருந்திருக்கிறது. டப்புக்கு அடியில் ஒட்டியிருந்திருக்கிறது. டப்புக்கு அடியில் யார் பார்ப்பார்கள்?

நீ யுனிவர்சிட்டிக்குப் போயிருந்தாய். அம்மா கடைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். நன்றாகக் கொதிக்க வைத்து, ஊக்கால் சதையை இழுத்து, வால் பக்கத்துக் கழிவைக் கிள்ளி எறிந்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி, மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினேன். ஓட்டை எறிய மனம் வரவில்லை. நீ சேர்க்கிறவள் ஆயிற்றே, உனக்கு ஒரு பரிசாக இருக்கட்டும் என்று புளி கரைத்துக் குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்து, பேப்பரில் பரப்பி வைத்தேன். உன் அம்மா வந்து வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, வீட்டுக்குள்ள குளத்த கொண்டாந்து வெச்ச மாதிரி?" "மருந்துடி. உன் பொண்ணு வாங்கியாந்தது." "அவ சொன்னாளா?" "சொல்வாளா? நீ சொல்லுவியா?" அவள் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

நீ வந்தாய். பையைக்கூட இறக்கவில்லை, பால்கனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாய்.

"டப் ஏன் காலியா இருக்கு?"

"நல்லா இருந்துச்சும்மா. காரம்தான் கொஞ்சம் தூக்கல்."

"என்ன நல்லா இருந்துச்சு?"

நான் பேப்பரைக் காட்டினேன். ஓடெல்லாம் வெள்ளையாகப் பளபளத்தன. மேலே இருந்த பச்சைப் பழுப்புத் தோலைப் புளி உரித்துவிட்டிருந்தது. நீ ஓட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி ஓட்டைப் பார்த்தாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் முதலில் போகும். "கா லியா? ஸப் கா லியா ஆப்னே?" தின்றுவிட்டீர்களா, எல்லாவற்றையுமா என்று கேட்கிறாய்.

"எல்லாம்தான். உங்கம்மா தொடமாட்டேன்னுட்டா."

"அப்பா, அது நாலாலேர்ந்து எடுத்ததுப்பா! யமுனைல நாலா வந்து கலக்குற எடத்துல! அதுங்க ஒடம்புக்குள்ள எவ்ளோ ஈயம், எவ்ளோ காட்மியம் சேர்ந்திருக்குன்னு பாக்கத்தான் வெச்சிருந்தேன்!"

டெல்லியில் நாலா என்றால் ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஓடுகிற வாய்க்கால். அது எனக்குத் தெரியாதா? தினம் அதன் பாலத்தின் மேல்தான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டுகிறேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பரவால்லம்மா, ஈயம் ஏறிடுச்சுன்னா இனிமே நான் பேட்டரி. உன் போனை என் காதுல சொருகி சார்ஜ் போட்டுக்க" என்றேன். நீ சிரிக்கவில்லை. போனை எடுத்து ஆட்டோவைக் கூப்பிட்டாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டர். என்ன சாப்பிட்டார், எத்தனை சாப்பிட்டார் என்று கேட்டார். நீ யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொன்னாய். எண்ணிக்கை உனக்குத் தெரிந்திருந்தது, ருசி எனக்குத் தெரிந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "அங்கிள், கோங்கா? பர் க்யோன்?" என்றார். ஏன் சாப்பிட்டாய் என்று கேட்கிறார். அங்கேயாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஷௌக் ஸே" என்றேன். ஆசைப்பட்டுச் சாப்பிட்டேன் என்று அர்த்தம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, லோதி ரோட்டில் ஒரு ஆபீஸ் படிக்கட்டில் நீ குப்புறப் படுத்துக் கிடந்தாய். உனக்கு லீவு, அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் காரில் உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மஞ்சள் கல் பாவிய படிக்கட்டு, ஜைசல்மேர் பக்கத்துக் கல். அதில் ஒரு சுருள். "அப்பா, இங்க பாருங்க, நத்தை! கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு!" என்றாய். எந்தக் காலத்திலோ கடலாக இருந்த இடத்தில் செத்துக் கல்லாகிப்போன நத்தை என்று நீ எனக்குச் சொல்லித் தர இன்னும் பல வருஷம் இருந்தது. நான் அன்றைக்கு, "அது லீவு லெட்டர் குடுக்க வந்து க்யூவுல நிக்குது பாவம்" என்றேன். நீ நம்பிவிட்டாய். அதற்குள் சாப் வெளியே வந்தார். நான் உன் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். முழங்கை கல்லில் உரசித் தோல் போய்விட்டது. "க்யா ஹுவா பேட்டா?" என்ன ஆச்சும்மா என்று அவர் நின்று கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, "குச் நஹீ சாப், கிர் கயீ" என்றேன். விழுந்துவிட்டாளாம். அப்போது பார்த்தாய் நீ, இதே பார்வை. அவர் அந்தச் சுருளின் மேலேயே காலை வைத்து இறங்கிப் போனார்.

உன் அப்பன் உனக்குச் சொல்கிற புத்திமதி பெரிதாக ஒன்றும் கிடையாது. போகிற இடத்தில் நீ எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த சாப் வந்தாலும் எழுந்துவிடாதே. பார்த்து முடித்துவிட்டு எழு. அவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், படிக்கட்டு அகலமாகத்தான் இருக்கும். அப்புறம், யாராவது கையைப் பிடித்து இழுத்தால், இழுத்தவர் உன் சொந்தக்காரராக இருந்தாலும், இழுத்தார் என்றே சொல். விழுந்தேன் என்று சொல்லாதே.

டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஈயம் ஆளைச் சாய்த்துவிடாது, ஆனால் சாக்கடைப் பிராணி, வேறு என்னென்ன இருக்குமோ, ரத்தம் எடுத்து அனுப்புவோம், வாந்தி, தலைவலி, வயிற்றுவலி எது வந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். "ரிப்போர்ட் வராம நான் எங்கயும் போகல" என்று நீ அம்மாவிடம் சொன்னாய். ரிப்போர்ட் இன்று சாயங்காலம் வருமாம். அதுவரை என் முகத்தை அறை வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறேன். கன்னம் வலிக்கிறது.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம். காலையிலிருந்து எனக்கு வயிற்றைப் பிசைகிறது. லேசாக இல்லை, முறுக்கிப் பிழிகிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, உன் காதில் விழுகிற மாதிரி, "இன்னிக்கு ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னேன். வலிக்கிறது என்று சொன்னால் நீ சூட்கேஸை மூடிப் பரண் மேல் போட்டுவிடுவாய். சொல்லாமல் விட்டு, நீ அந்தப் பக்கம் இறங்கும்போது எனக்கு இங்கே ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் நீ ஒரு நத்தையைத் தொடமாட்டாய். இரண்டில் எது பெரிய துரோகம் என்று காலையிலிருந்து வயிற்றோடு சேர்த்து இதுவும் பிசைகிறது. ஒற்றை ஓட்டுப் பிராணிகள் எல்லாம் வயிற்றாலேயே நடக்கிற ஜாதி என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நானும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டேன் போலிருக்கிறது, எல்லா யோசனையும் அங்கிருந்துதான் வருகிறது.

இதை எழுதி உன் கையில் கொடுத்து, நீ எழுத்துக்கூட்டிப் படித்து இந்த வரிக்கு வருவதற்குள் ப்ளேன் போய்விடும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வருகிறேன். வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் கழித்து, மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கைப்பட இருக்கட்டும். நான் வந்து உன் கதவைத் தள்ளியபோது நீ தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளை ஓடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கு வயித்த வலிக்குது" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ போகமாட்டே."

"சொல்லலேன்னாலும்தான் போகமாட்டேன்! எதுக்கு மறைச்சீங்க?"

"இன்னொன்னும் இருக்கு. எனக்கு மூலம்."

நீ கையிலிருந்த ஓட்டை இன்னொரு தடவை திருப்பினாய். "தெரியும்ப்பா. வீடு முழுக்க அந்த ஆயின்மென்ட் வாசனைதான்."

"அப்ப தெரிஞ்சுதான் நத்தை கொண்டாந்தியா?"

"இல்லப்பா!" என்று கத்தினாய். அப்புறம், "உங்களுக்காகக் கொண்டாந்தேன்னு நெனச்சா தின்னீங்க?" என்றாய். நான் தலையாட்டினேன். நீ ஓட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். தோள் குலுங்கியது. அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் தெரியாது. பிறகு எழுந்து செருப்பை மாட்டினாய்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். இந்த முறை நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஆசை அல்ல, மூலம் என்றேன். வரிசையில் நின்ற ஒரு ஆள் என்னை அனுதாபமாகப் பார்த்தார், அவருக்கும் அதுதானாம். டாக்டர் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தேன். உன் உதட்டில் ரத்தமே இல்லை. நேற்றிலிருந்து என்னென்ன உள்ளே போனது என்று கேட்டார். தண்ணீர், கஞ்சி, தண்ணீர், மோர், தண்ணீர் என்று நீ ஒப்பித்தாய். அப்போதுதான் பின்னாலிருந்து உன் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "காலையில இஞ்சிக் காபியில கொஞ்சம் வெளக்கெண்ண கலந்து குடுத்தேன். எல்லாம் வெளிய வந்துடும்னு."

"அம்மா!" என்றாய் நீ. டாக்டருக்கு நீ ஹிந்தியில் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "கொஞ்சம்னா எவ்ளோ?" என்று நீ கேட்டாய். "கண்ணளவுதான்" என்றாள் அம்மா. அவள் கண்ணளவு எனக்குத் தெரியும், கல்யாண வீட்டுக்கு ஆகும். காபி வழவழப்பாக இருந்தது உண்மைதான். டெல்லிப் பால் அப்படித்தான் என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

ரிப்போர்ட்டும் அங்கேயே வந்தது. நீ இரண்டு முறை படித்தாய், டாக்டர் ஒரு முறை படித்தார். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பார்க்கலாம், மூலத்துக்கு முறையாக வேறு டாக்டரைப் பாருங்கள், போகட்டும் இந்தப் பெண் என்றார். நீ வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் புரொபசருக்குப் போன் செய்தாய். நத்தைகளை அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அது இன்னும் கேவலமாகக் கேட்கிறது.  அவர், உன்னோடு படிக்கிற சிநேகிதி மறுபடி பொறுக்கித் தரட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவளோடு நான் போகிறேன், அம்மாடி. பக்கெட்டை நான் தூக்குகிறேன். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று சீட்டும் நானே எழுதுகிறேன், தமிழில். படிக்க ஆள் தேடிக்கொள்ளட்டும்.

நாம் மூன்று பேரும் வாயைத் திறந்து பேசியிருந்தால் அந்த டப்பில் நத்தைகள் இன்னும் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே போய் உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், மனசுக்கு முடியவில்லை என்றாலும், எவனையாவது பிடித்திருக்கிறது என்றாலும் போனில் நேராகச் சொல்லு. அம்மா வழியாக வேண்டாம். நான் கிண்டல் பண்ணுவேன்தான். கிண்டல் பண்ணி முடித்துவிட்டுக் கேட்பேன்.

புளியோதரைப் பொடியும் அப்பளமும் வாங்க அம்மாவோடு ஐ.என்.ஏ.வுக்குப் போயிருந்த நீ, சற்று முன் திரும்பி வந்து சூட்கேஸை மூடினாய். எடை தாண்டிவிட்டதோ என்று உனக்குப் பயம். மேல் வீட்டு மிஸஸ் அரோராவிடம் ஆள் எடை பார்க்கிற மெஷின் வாங்கி வந்தோம். சூட்கேஸைத் தனியாக வைத்தால் நம்பரை மறைத்துக்கொள்கிறது. அதனால் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெஷின் மேல் ஏறினேன். என் எடையைக் கழித்துப் பார்த்தால் எடை சரியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாரத்தில் மெஷினின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அம்மா அதைத் துண்டால் துடைத்து, கோடு தெரியாத பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அந்த மெஷினுக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.